துளையிட்ட கட்டில்

கதை கட்டிச் சொல்ல எனக்கு வராது, கண்ணுங்களா. இது என் சின்ன நாத்தனாருக்கு நடந்தது. அவள் வாயால் கேட்டதை அப்படியே சொல்கிறேன். பயந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரு கண் சிறு வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் விழித்திரை கிழிந்தது. உள்ளூரில் கைவிரித்துவிட்டார்கள். கடல் தாண்டிப் போனாள். மகனுக்கு விசா கிடைக்கவில்லை, தனியாகத்தான். ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பிக் கட்டுப் போட்டார்கள். நான்கு நாள் குப்புறவே கிடக்க வேண்டும். நிமிர்ந்தால் பார்வை போயிற்று. முகம் வைக்கத் துளையிட்ட கட்டில். இதைச் சொல்லிவிட்டுப் போன மொழிபெயர்ப்பாளர் இனிக் கட்டவிழ்க்கும் அன்றுதான் வருவார். நர்ஸுக்கு நம் பாஷை தெரியாது. தோளில் இரண்டு தட்டு தட்டினால் ‘திரும்பாதே’ என்று அர்த்தம்.

மகன் போனில் கேட்டான்.

“என்னம்மா பண்ற?”

“தரையை மொறச்சுக்கிட்டிருக்கேன்டா, கண்ணக் கட்டிக்கிட்டு!”

சிரித்தாள். போனை வைத்ததும் அழுகை வந்தது. அழவும் கூடாதாம்.

மூன்றாம் நாள், பட்டப்பகல். போன் ‘மணி மூன்று பத்து’ என்றது. கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. ஒரே ஒரு நிமிஷம் நிமிர்ந்தால் என்ன... புரளப் போனாள்.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது. கையுறை இல்லாத கை. ஜில்லென்று...

“வேணாங்க்கா.”

தமிழ்! பக்கத்தில் தமிழ் கேட்டு மூன்று நாளாயிற்று.

“யாரும்மா?”

“உன்னாட்டம் வந்தவதான்.”

“எங்க உக்காந்திருக்க?”

“உன் மொகத்துக்கு நேர் கீழ.”

“உன் கண்ணு சரியாயிடுச்சா?”

“நான் நிமிந்துட்டேங்க்கா...”

துளை வழியாக மூச்சு மேலே வந்தது.

குளிர்ந்த மூச்சு.

கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை.

கையையும் விடவில்லை.

நான்காம் நாள் கட்டவிழ்த்தார்கள். வெளிச்சம்... நர்ஸின் முகம்... பார்வை பிழைத்துவிட்டது. குனிந்து கட்டிலைப் பார்த்தாள். துளைக்குக் கீழே பூட்டிய இரும்புப் பெட்டி. நடுவில் நான்கு விரல் இடைவெளி. ஆள் உட்கார ஏது இடம்?

“இங்க தமிழ் பேசுற பொண்ணு யாரு?” என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாள்.

அவர் முகம் வெளிறியது.

“போன வருஷம் ஒருத்தங்க இருந்தாங்கம்மா. இதே கட்டில். மூணாம் நாள் நிமிந்துட்டாங்க. பார்வை போச்சு. மறுநாள் அவங்களும்...”

“ஏன் நிமிந்தா?”

“ஏதோ கேட்டுக் கெஞ்சிக்கிட்டே இருந்தாங்களாம். யாருக்கும் புரியல. நர்ஸ் அதை போன்ல பதிஞ்சு எனக்கு அனுப்பினாங்க. மூணு பத்துக்கு. நான் லேட்டாத்தான் கேட்டேன்.”

“என்ன கேட்டா?”

“‘யாராச்சும் என் கையப் பிடிச்சுக்கோங்க’ன்னு.”