பூட்டிய கேட்டும் பால் பிடித்த நெல்லும்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். செய்யூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் என் மாமியார் கண்ணை மூடினார்.

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். என் குழம்பை அவர் ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அவர் சொன்னதை நானும் ஒரே தடவையில் கேட்டதில்லை. ஆனால் அவருடைய ஓர் ஆசை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயே என்னைப் பொதைச்சிடுங்க. வேற எங்கனா கொண்ட்டு போனீங்க, எழுந்து வந்துடுவேன், ஆமா" என்று சிரித்துக்கொண்டே மிரட்டுவார்.

சிக்கல் என்னவென்றால், மாமனார் படுத்திருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வழியில்லை. காலங்காலமாக நாங்கள் நடந்த பாதையையும் சேர்த்து வளைத்து, வெளியூர்க்காரர் ஒருவர் கம்பிவேலி போட்டு, இரும்பு கேட்டும் வைத்துப் பூட்டிவிட்டார். காலனி ஜனங்கள்தானே, என்ன செய்துவிடுவார்கள் என்ற எண்ணம். மனு கொடுத்தோம், கேஸ் போட்டோம். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இடையில் எங்கள் சபையில் இறந்த ஒருவரை வேறு ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அவர் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்.

ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன்பே மெழுகுவர்த்தி ஏந்திப் பாடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவதும், சூரியன் உதிக்கும்போது அங்கே ஜெபம் பண்ணுவதும் எங்கள் வழக்கம். கேட் வந்த பிறகு அதற்கு வெளியே ரோட்டிலேயே நின்று பாடினோம். வருஷா வருஷம் கூட்டம் குறைந்தது. எனக்கே அலுத்துவிட்டது. "பூட்டு முன்னால பாடினா பூட்டு தொறந்துக்குமா அத்த? வக்கீலாண்ட போய்ப் பாடு" என்று ஒரு வருஷம் மாமியாரைக் கிண்டல் செய்தேன். முட்டி வலியோடு கோலைத் தேடிக்கொண்டிருந்தவர், "ஏசுவோட கல்லறை வாசல்ல கெடந்த கல்லையே பொரட்டினவருக்கு இந்தப் பூட்டு இன்னாடீ பெருசு? மெழுவத்தியை எடு" என்றார்.

அடக்கத்தன்று காலையில் சர்ச்சில் ஜெபம் முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தோம். பூட்டு அப்படியே தொங்கியது. வாட்ச்மேன், "சாவி என்னாண்ட இல்லம்மா" என்று கையை விரித்தார். நிலத்துக்காரர் போனை எடுக்கவே இல்லை. ஜீப்பில் வந்த அதிகாரியோ, கேஸ் நடக்கும்போது கேட்டில் கை வைக்கக் கூடாது, வேறு எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் காலனிப் பையன்கள் கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கப் பாய்ந்தார்கள். பாஸ்டர் குறுக்கே நின்று தடுத்தார். ஒரு அடி விழுந்தாலும் போலீஸ் கேஸ் அவர்கள் தலையில்தான் விடியும் என்று அவருக்குத் தெரியும்.

தூறல் விழ ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்துப் பெட்டியின் தலைமாட்டில் விரித்தார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாமியார் மேலும் கோபம், சாமி மேலும் கோபம். "பொரட்டுவாரு பொரட்டுவாருன்னு சொன்னியே அத்த, எங்க?" என்று பெட்டியைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம், மற்ற சாதிக்காரர்கள் வாழும் ஊர்த்தெருவைச் சேர்ந்த விவசாயி ஒருவருடைய கழனி. அவருக்கும் எங்களுக்கும் ரேஷன் கடையில் பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம்தான். கழனி முழுக்க நெல், கதிர் வந்து பால் பிடித்திருந்தது. கதிர் நிற்கிற கழனியில் பிணம் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் அவரிடம் கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவரே வந்தார். மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, "இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீறீங்க? எழுந்து கழனிப் பக்கமா வாங்க" என்றார்.

"பயிரு நிக்குதேண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

"இனிமே நிக்காது. வா."

சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவர் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அரிவாளோடு பாதி தூரம் அறுத்திருந்தார். அந்தப் பருவத்தில் அறுத்தால் ஒரு மணி அரிசிகூடத் தேறாது, மாட்டுக்குத்தான் போடலாம். "புள்ள மாதிரி வளத்தேன்" என்று முனகி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கை நிற்கவில்லை. நாங்களும் அரிவாள் வாங்கி இறங்கினோம். பெட்டி போகிற அகலத்துக்கு வழி பிறந்தது. சேற்றில் கால் புதையப் புதைய, என் மாமியாரைக் கொண்டுபோய் மாமனார் பக்கத்திலேயே வைத்தோம்.

எல்லாம் முடிந்ததும் பாஸ்டர் அந்த விவசாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "தண்ணி கட்ட வர்றப்ப பாப்பேன் சார். பூட்டின கேட்டாண்ட கோலை ஊணிகினு அந்தம்மா பாடிகினு நிக்கும். இன்னாத்த நம்பி இப்டி பாடுதுன்னு நெனைப்பேன். அத்தினி நம்பிக்கையா நின்ன பொம்பளயை ரோட்ல வுட்டுட்டு, எனக்கு சோறு எறங்குமா?" என்றார். அதுவரை கோபத்தில் இறுகிப்போயிருந்த நான், அப்போதுதான் மாமியாருக்காக ஓவென்று அழுதேன்.

ஊர்த்தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்களாம். "கழனி என்னுது, நெல்லு என்னுது" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த ஈஸ்டருக்கு வழக்கம்போலக் கேட்டுக்கு முன்னால் நின்று பாடக் கிளம்பினோம். அவர் டார்ச்சோடு எதிரில் வந்து, "இப்டி வாங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், அறுத்த இடத்தில் மறுபடி நாற்று நடாமல் விட்டு, மண் போட்டு வரப்பை அகலப்படுத்தி வைத்திருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வழியாகப் பாடிக்கொண்டே போய், மாமியார் தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்தேன்.

கேட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அவர் கொடுத்தது அவருடைய பெரிய மனசு, அதற்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வோம். ஆனால் அந்தப் பாதை எங்கள் உரிமை, கேஸை விடமாட்டோம். நான் முன்பக்கத்துப் பூட்டையே முறைத்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் யாரோ எங்களுக்காகக் குனிந்து பச்சைப் பயிரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் வாய்தாவுக்காகச் செங்கல்பட்டு பஸ் ஏறும்போது அந்த நெல்லின் பால் கையில் பிசுபிசுப்பது போலிருக்கும், மாமியார் விட்டுப்போன நம்பிக்கையை நான்தான் சுமந்துகொண்டு போகிறேன் என்று தோன்றும்.