ஸ்ட்ரைக்கர் இல்லாமல் அடித்த கோல்கள்

1. பாஸ்போர்ட்

லீக் தொடங்கப் பத்து நாள் இருந்தது. எங்கள் கால்பந்து கிளப்பின் ஸ்ட்ரைக்கர் லூயி, ஷூ போடாமல் செருப்போடு மைதானத்துக்கு வந்தான்.

"மாஸ்டர், பிரெஞ்சு நேஷனாலிட்டி கெடச்சிடுச்சி. பாஸ்போர்ட்டும் வந்துடுச்சி. ஞாயித்துக்கெழம பாரிசுக்குக் கெளம்புறேன்."

புதுச்சேரியில் டீம் நடத்துகிறவனுக்கு இது புதிதல்ல. கைகொடுத்து அனுப்பினேன்.

அப்போது நான் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மாலையில் கிளப் கோச். பல வருடங்களாக 4-4-2தான் ஆடினோம்: பின்னால் நாலு பேர், நடுக்களத்தில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். நடுக்களத்து ஆட்கள் பந்தை லூயிக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள். கோல் அடிப்பது லூயியின் வேலை.

அவன் போனபின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். ஒரு கோல்கூட இல்லை. கடைசி இடத்தில் முடிக்கும் டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்.

2. என் சத்தம்

இரண்டாவது தோல்விக்குப் பிறகு எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினேன்.

"பாக்ஸுக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன்கூட இல்ல. இன்னாடா பண்றீங்க?"

செல்வம் நடுக்களத்தில் ஆடுபவன். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருவான். மெதுவாகப் பேசத் தெரியாது.

"நீங்கதான மாஸ்டர், நான் நாலடி மேல போனாலே 'செல்வம், பின்னாடி வா, பின்னாடி வா'ன்னு கத்துறீங்க. அப்புறம் எப்டி கோல் அடிக்கறது?"

அவன் சொன்னது உண்மை. 4-4-2இல் நாலு பேரில் இரண்டு பேர் ஓரங்களுக்குப் போய்விட, நட்டநடுவில் இருப்பது இரண்டே பேர். ஒருவன் மேலே போனால் பின்னால் பெரிய இடைவெளி விழும். அந்தப் பயத்தில்தான் இத்தனை வருடமும் கத்தியிருக்கிறேன்.

3. சாரம் டெய்லர் கடை

மறுநாள் காலை சாரத்தில் இருக்கும் ரஃபீக்கின் டெய்லர் கடைக்குப் போனேன். ரஃபீக் எங்கள் நடுக்களத்தின் இன்னொரு ஆள். முப்பத்துநாலு வயது. டீமில் அவனைப்போல் தூரத்திலிருந்து அடிக்க ஆள் கிடையாது. அந்த சீசனோடு ஆட்டத்தை விடுவதாகச் சொல்லியிருந்தான்.

அவன் மேஜையில் கிடந்த வெட்டுத்துணியில் சாக்பீஸால் 4-3-3 வரைந்தேன். நடு ஃபார்வர்டு கோலை நோக்கி ஓடாமல் கீழே இறங்கி வருவான். அவனைத் துரத்தி, கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் எதிரணி ஸ்டாப்பர் வெளியே வருவான். ஸ்டாப்பர் விட்டுவந்த இடத்துக்குள் செல்வமும் பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் முருகனும் ஓட வேண்டும். நடுக்களத்து மூன்று பேரில் இரண்டு பேர் பயமில்லாமல் போகலாம். மூன்றாமவன் அவர்கள் விட்டுப்போன இடத்தைக் காத்து நிற்க வேண்டும், போகவே கூடாது.

ரஃபீக் அந்தக் கடைசிப் புள்ளியைத் தொட்டான். "இது யாரு மாஸ்டர்?"

"நீதான்."

அயர்ன்பாக்ஸை நிமிர்த்தி வைத்தான். "லூயி போயிட்டான், இந்த வருஷம் நான் மேல ஆடலாம்னு இருந்தேன். கடைசி சீசன் மாஸ்டர்."

"தெரியும் ரஃபீக். அந்த எடத்துல வேற யாரு நின்னாலும் நான் கத்திக்கிட்டேதான் இருப்பேன்."

துணியை மடித்து ஓரமாக வைத்தான். "சாயந்தரம் ஆடிப் பாப்போம்" என்றான்.

4. கடைசி ஆட்டம்

4-3-3இல் முதலில் ஒரு டிரா, பிறகு ஒரு வெற்றி, அடுத்து ஒரு தோல்வி. செல்வம் இரண்டு கோல், முருகன் ஒன்று. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் முதல் டிவிஷனில் நிற்க முடியும் என்று ஆனது.

இடைவேளைக்குப் பிறகு முருகன் தலையால் ஒரு கோல் போட்டான். அவர்கள் அதைச் சமன் செய்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. அப்போது பந்து ரஃபீக்கிடம் வந்தது. எதிரே யாரும் இல்லை. அவன் வழக்கமாக அடிக்கும் தூரம்தான்.

"பாய், அடி! அடி!" என்று கேலரி முழுக்கக் கத்தியது. நானும் அடிப்பான் என்றே நினைத்தேன்.

நடு ஃபார்வர்டு கீழே இறங்கினான். ஸ்டாப்பர் அவன் பின்னால் வந்தான். செல்வம் மேலே பாய்ந்தான். "பின்னாடி வா" என் தொண்டைவரை வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டேன். ரஃபீக் பந்தை ஸ்டாப்பருக்குப் பின்னால் தள்ளினான். செல்வம் ஒரே டச்சில் உள்ளே போட்டான்.

மற்றவர்கள் எல்லோரும் செல்வத்தின் மேல் விழுந்தார்கள். ரஃபீக் மட்டும் நடு வட்டத்துக்குத் திரும்பி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான்.

2-1 என்று ஜெயித்து முதல் டிவிஷனில் நின்றுவிட்டோம். ஆட்டம் முடிந்ததும் ரஃபீக்கிடம் போனேன். "ஒனக்கு ஒரு கோல் இல்லாமப் போச்சேப்பா."

"அடிச்சிருக்கலாம் மாஸ்டர். ஆசையாத்தான் இருந்திச்சி. ஆனா அவன் ஓடிட்டானே, குடுக்காம எப்டி?"

இன்றைக்கு இளம் கோச்சுகள் போனில் ஃபார்மேஷன் படம் அனுப்பி, நடுக்களத்திலிருந்து கோல் வருமா என்று கேட்கிறார்கள். வரும். மேலே போகும் இரண்டு பேருக்கு அம்புக்குறி போட்டால் போதும். பின்னால் நிற்கப் போகிறவனை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். அவன் எதை விட்டுக்கொடுக்கிறான் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். நான் இதைக் கற்றபோது எனக்கு ஐம்பத்தாறு வயது.