விருதுநகர் ஆளுக கை தூக்குங்க

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மதுரையில நான் வேலை பாக்குற ஸ்டூடியோவுல ஒரு கல்யாண வீடியோவ எடிட் பண்ணிக்கிட்டு இருந்தேன். போன் மின்னுச்சு. நம்ம பஸ் ரசிகர் குரூப்பு. "ஜாபர் அண்ணன் மௌத்தாயிட்டாங்க. நெஞ்சுவலி. இன்னைக்கே அடக்கம், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம், விருதுநகர்ல." எவனோ வெளையாடுறான்னு நெனச்சு அவரு நம்பருக்கே போன் போட்டேன். அவரு மச்சான் எடுத்தாரு. "ஆமா தம்பி"ன்னாரு. அம்புட்டுதான். ஹெட்போனக் கழட்டிப் போட்டுட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன்.

குரூப்ல இல்லாதவுக யாராச்சும் இதப் படிச்சீகன்னா உங்களுக்காகச் சொல்றேன். ஜாபர் அண்ணன் விருதுநகர்ல மொளகா வத்தல் கமிஷன் கடை வச்சிருந்தாரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பஸ் பைத்தியம். நாங்களும் பைத்தியம்தான், ஆனா நாங்க பஸ்ஸப் போட்டோ எடுக்குற பைத்தியம். அவரு பஸ்ஸுல போற பைத்தியம்.

எனக்கு அவரு பழக்கமானதே சண்டையிலதான். நாலு வழிச்சாலையில ஒரு வண்டி விருதுநகரத் தாண்டிப் பறக்குறத மேம்பாலத்துல நின்னு எடுத்து, மியூசிக் போட்டு, "தரமான சம்பவம்"னு ரீல் விட்டிருந்தேன். லைக்கு குவியுது. நடுவுல ஒரு கமெண்ட்டு: "தம்பி, பஸ்ஸு பறக்குது, சரி. எங்க எறங்குது?" கடுப்பாயி "பூமர் மாமா"ன்னு ரிப்ளை போட்டேன். உடனே வந்துச்சு பதிலு: "மாமான்னு கூப்புட்டா நாளைக்குப் பொண்ணு கேட்டு வருவ. அண்ணன்னு கூப்புடு." அன்னைக்கே ஃபாலோ பண்ணிட்டேன்!

நம்ம ஊர்க்காரவுகளுக்கு இந்தக் கதை தெரியும். மதுரையில இருந்து தெக்க போற வண்டியில பாதி விருதுநகருக்குள்ள வராது. வெளிய நாலு வழிச்சாலையோடயே போயிரும். "விருதுநகர் ஏறாதீங்க, உள்ள போகாது!"ன்னு ஏறும்போதே கண்டக்டர் கத்துவாரு. கெஞ்சுனா பைபாஸ்ல எறக்கி விடுவாக. அங்கன வெயில்ல பையத் தூக்கிக்கிட்டு நிக்கணும். வீட்டுல பைக் இருந்தா யாராச்சும் கூப்புட வருவாக. அதனால மொதல்ல வீட்டுக்கு ஒரு பைக்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பைக்கு. ஊருக்குள்ள இருந்த புரோட்டாக் கடை கூட ரோட்டத் தேடி வெளிய போயிருச்சு. "ரோடு அகலமாச்சுலே, ஊரு ஒடுங்கிப்போச்சு"ம்பாரு அண்ணன். ஆனா பைக் வாங்குனவன அவரு ஒரு நாளும் திட்டுனதில்ல. "நிக்காத பஸ்ஸ நம்பி எவன் நிப்பான்?"னு கேப்பாரு.

ஒருநாள் மாட்டுத்தாவணியில நானும் அவரும் ஏறும்போது, கண்டக்டர் எங்க வாய அடைக்குறதுக்குச் சொன்னாரு: "பத்து பேரு இருந்தா உள்ள போறேன் பாய்." அண்ணன் விட்டுருவாரா? நட்ட நடுவுல நின்னு, ஏலம் போடுற கொரல்ல, "விருதுநகர் ஆளுக யாரு இருக்கீக? கை தூக்குங்க!"ன்னாரு. ஏழெட்டுக் கைதான் தேறுச்சு. பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தர்கிட்ட போனாரு.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"சாத்தூரு."

"கையத் தூக்குங்க."

"நான் எதுக்குய்யா தூக்கணும்?"

"நாளைக்கு சாத்தூருக்குள்ளயும் போகமாட்டேம்பாக. அன்னைக்கு நான் தூக்குறேன்."

பஸ்ஸே சிரிச்சிருச்சு. சாத்தூர்க்காரரு சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் தூக்குனாரு. கண்டக்டர் அண்ணனோட பையக் காட்டி, "என்ன பாய், வெடியா?"ன்னாரு. அண்ணன் என்னையக் காட்டி, "வெடி இந்தப் பய ஊருச் சரக்கு. இது வத்தல். தொறக்கட்டுமா?" "ஐயா சாமி, உள்ளயே போறேன்." அதுல இருந்து அந்த ரூட்டுல பாதி கண்டக்டருக்கு அவரு "கை தூக்குற பாய்".

என் ஊரு எம். புதுப்பட்டி, சிவகாசிப் பக்கம். ஒரு தீபாவளி சீசன் முடிஞ்சு பட்டாசுக் கம்பெனி லீவு விட்டிருந்தப்ப, பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரு. எங்கம்மா பயர் ஒர்க்ஸ் வேலை. "எங்களுக்கென்ன தம்பி, கம்பெனி வேன் தெருவுக்கே வந்துரும்"னு பெருமையாச் சொல்லுச்சு.

"லீவு நாளைக்கும் வருமாக்கா?"

"லீவுக்கு எதுக்கு வரும்?"

"சொந்தக்காரவுகளப் பாக்கப் போகணும்னா?"

அம்மா சிரிச்சுக்கிட்டே வந்தது சட்டுன்னு நிறுத்திருச்சு. "விஸ்வநத்தத்துல என் தங்கச்சி இருக்கா. பாத்து ரொம்ப நாளாச்சு"ன்னுச்சு. அது பாக்காமயே கெடந்தது எனக்கே தெரியாது. அண்ணன் சோத்துக் கையக் கழுவிட்டு எந்திரிச்சாரு. "கெளம்புங்க, நான் அந்தப் பக்கந்தான் போறேன்." சித்தி வீட்டு வாசல்ல அம்மாவ விட்டுட்டுத்தான் அவரு ஊருக்குப் போனாரு. போறப்ப என்கிட்ட மெதுவாச் சொன்னாரு: "வேலைக்குப் போக வண்டி இருக்குலே. ஆளப் பாக்கப் போகத்தான் வண்டி இல்ல."

செவ்வாய்க்கிழமை நானும் ஆளப் பாக்கத்தான் போனேன். கெடச்ச வண்டியில, "விருதுநகர் ஏறாதீங்க"ங்கிறது காதுல விழாத மாதிரி ஏறிட்டேன். பைபாஸ்ல எறங்கி ஆட்டோ தேடுனா, நான் போறதுக்குள்ள மண்ணு போட்டு முடிச்சிருப்பாக. ரீல்ல எம்புட்டு வேணாலும் கத்துவேன். நேர்ல எனக்கு வாயே வரல. திருமங்கலம் போயிருச்சு. கள்ளிக்குடியும் போயிருச்சு. அதுக்கு மேல முடியல, எந்திரிச்சுட்டேன்.

"விருதுநகர் ஆளுக யாரு இருக்கீக? கை... கை தூக்குங்க."

மூணு கைதான் எந்திரிச்சது. கண்டக்டர் வந்தாரு.

"என்னப்பா, மீட்டிங் போடுறியா?"

"அண்ணே, ஒரு சாவு. ஜாபர் பாய்னு..."

"எந்த பாய்? கை தூக்கச் சொல்வாரே, அந்தாளா?"

தலையாட்டுனேன். எனக்கு முன் சீட்டுல கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒரு அம்மா, என்ன ஏதுன்னு முழுசாக் கூடத் தெரியாம, கையத் தூக்குனாங்க. அவுக பக்கத்துல இருந்தவுக தூக்குனாங்க. பின்னாடி திரும்பிப் பாத்தேன், வரிசையா கையி.

கண்டக்டர் எண்ணவே இல்ல. "உள்ள விடுண்ணே"ன்னு டிரைவருக்குச் சொன்னாரு. அப்புறம் என்கிட்ட, "உசுரோட இருந்தப்பவும் உள்ள இழுத்தாரு, செத்தும் இழுக்காரு பாரு"ன்னாரு. திட்டுற மாதிரித்தான் சொன்னாரு. சொல்லிட்டு மூஞ்சிய ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

பஸ்ஸு நாலு வழிச்சாலைய விட்டு எறங்கி ஊருக்குள்ள திரும்புச்சு. அவரு எப்பவும் உக்காருற ஜன்னல் பக்கந்தான் நானும் இருந்தேன். கடைத்தெரு வந்ததும் வத்தல் நெடி மூக்குல ஏறுச்சு. அப்பத்தான் அழுதேன். நெடின்னு நெனச்சுக்கிட்டாக.

நேரத்துக்குப் போயிட்டேன் அண்ணே. உங்க மச்சான் என்னைய முன்னால இழுத்து விட்டாரு. பஸ்ஸுல தூக்குன அதே கையால மூணு பிடி மண்ணு போட்டேன்.

உங்க கொரலு எனக்கு வராது. கை இருக்கு. இனிமே எந்த ஊர்க்காரவுக எந்தப் பஸ்ஸுல கேட்டாலும், நான் எறங்குற ஊரா இல்லாட்டியும், என் கை மேல இருக்கும்.