கடலோரத்து அம்மனும் எங்கள் ஊர் அம்மனும்

ரெட்டிபாளையத்தில் பார்த்த சிமெண்ட் வேலையையே கரீபியன் கடலில் ஒரு தீவுக்குப் போயும் பார்த்தேன். தங்கியது கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரே தெரு. ஒரு முனையில் படகுகள், மறுமுனையில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். படகு கட்ட நட்டு வைத்த மூங்கில்களில் கூழைக்கடாக்கள் உட்கார்ந்து, டீக்கடை எப்போது திறக்கும் என்று பார்க்கும் நம்ம ஊர்ப் பெரிசுகள் மாதிரி மீன் கூடைக்குக் காத்திருக்கும்.

எனக்கு வீடு வாடகைக்கு விட்டவர் மீன் விற்கிற ஒரு அக்கா. அவருடைய முன்னோர்கள் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறியவர்கள். தமிழில் அம்மா, தம்பி, தண்ணி மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். இந்தியாவிலிருந்து வந்தவன் இருந்தால் முதல் தேங்காயை அவன்தான் உடைக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். காலனித் தெருக்காரனான என் கையில் கொடுத்தார்கள்.

"நான் எந்த ஆளுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

அக்கா சிரித்தார். "ஒரே கப்பல்ல வாந்தி எடுத்தவங்களுக்குள்ள பெரியவன் சின்னவன் ஏது?" அங்கே இங்கிலீஷில் அப்படி ஒரு சொலவடை.

அவருக்கு ஒரே ஆசை. முன்னோர் மண்ணில் ஒரு பொங்கல் வைக்க வேண்டும், பக்கத்தில் நின்று நான் தேங்காய் உடைக்க வேண்டும். நான் ஊர் திரும்பிய மறுவருஷம் வந்தேவிட்டார். மீன்சுருட்டி தாண்டி உள்ளே எங்கள் ஊர். வெளிநாட்டு விருந்தாளியோடு போனால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நம்பித்தான் கூட்டிப்போனேன்.

கோயில் வாசலுக்கே நாட்டாமை ஓடிவந்தார். "வாங்கம்மா, வாங்க! ஏய், அம்மாவுக்கு சேர் எடுத்துப் போடு!"

பின்னாலேயே நான் படியில் கால் வைத்தேன்.

"நீ எங்கடா வர? பிளேன்ல போயிட்டு வந்தா எடம் மறந்துபோச்சா?"

"என்னையத்தான் தேங்கா ஒடைக்கச் சொல்றாங்கய்யா."

"அதுக்கு நாங்க இருக்கோம். வந்தவங்க முன்னாடி ஊரு மானத்த வாங்காத."

எங்கள் பேச்சு புரியாமல் அக்கா திரும்பிப் பார்த்தார். "தம்பி, ஏன் நின்னுட்ட?"

"செருப்பப் பாத்துக்குறேன்க்கா. நீங்க போயிட்டு வாங்க."

அக்காவுக்குத் தன் தெரு தெரியாது, உள்ளே போய்விட்டார். என் தெரு ஊருக்கே தெரியும். உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

அக்கா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"எவ்வளவு நல்ல ஜனங்க தம்பி! நான் யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்கலியே!"

"ஆமாக்கா" என்றேன். வாழையிலையில் பொங்கல் கொடுத்தார். அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் முழுவதையும் சாப்பிட்டேன்.