கேசரி சாப்பிட்டுக் கொடுத்த ரத்தம்

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் முழுக்க, நான் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

தி. நகரில் நான் புடவை விற்ற கடையில் மாடி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. டாக்டர், இரவிலிருந்து விரதம் இருந்துவிட்டுக் காலையில் ரத்தத்தில் கொழுப்பு பார்க்கச் சொன்னார். நம் வீட்டு விரதம்தான் தெரியுமே. சோறு கிடையாது, பலகாரம் உண்டு. இரவு அடை. விடியுமுன் எழுந்து உங்கள் அம்மா நெய் மிதக்கக் கேசரி கிண்டினாள், முந்திரி போட்டு உப்புமாவும்.

"சோத்துப் பருக்கை ஒண்ணுகூட வாயில படக்கூடாதுங்க. டெஸ்ட்டு கெட்டுடும்."

படவில்லை. மயிலாப்பூர் பரிசோதனைக் கூடத்தில் காத்திருந்து ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் போனால், பரிசோதனைக்காரர் குழாயைத் தூக்கிக் காட்டினார். மேலே வெள்ளை வெளேரென்று நின்றது.

"இன்னா சார், பாலு ஊத்துனா மாதிரி கீது! கூட வூட்லேர்ந்து யாரும் வரலியா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் என் நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "இன்னாப்பா மொறைக்கிற?" என்று சின்னது கேட்டது.

மறுநாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கொழுப்பு தானா ரத்தத்துல கரையாது. ஒரு புரதம்தான் அதைச் சுமந்துகிட்டுப் போகும். அந்தச் சுமை அதிகமானா ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள மூட்டையை இறக்கிடும். காவலுக்கு வர்ற வெள்ளை அணு அதைத் தின்னு தின்னு உப்பி அங்கேயே மாட்டிக்கும். சுவர் அழற்சியாகி வீங்கும். அது ஒருநாள் வெடிச்சு ரத்தம் உறைஞ்சா, மாரடைப்பு."

எங்கள் கடை வாசல் கண்முன் வந்தது. லாரி வந்த அன்று சுமைக்காரர்கள் புடவை மூட்டைகளை வழியில் போட்டுவிட, அதைப் பார்க்க வந்த காவலாளிகளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் எப்படி?

"டாக்டர், அந்தப் புரதத்துக்கு ஒரு வாரம் லீவு குடுக்க முடியாதா?"

"அது வேலை செஞ்சாத்தான்யா நீ நடமாட முடியும்! ஆமா, நேத்துக் காலையில என்ன சாப்பிட்ட?"

"விரதம் சார். கேசரி, உப்புமா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

மறுபடி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். குழாயில் அந்தப் பால் வெள்ளை இல்லை. கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நடக்கணும், நெய்யும் எண்ணெய்ப் பண்டமும் குறைக்கணும்.

உங்கள் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "உங்க கொழுப்பு எறங்கணும்னு ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கிட்டேங்க."

சனிக்கிழமை வடைமாலை சாத்தினோம். என் பங்கு மிளகு வடையை அவள் நீட்டினாள்.

"எண்ணெய் இருக்கேடி?"

"சாமிக்குப் போட்டதுல எப்படிங்க கொழுப்பு இருக்கும்? பிரசாதத்தை வேணாங்கக் கூடாது."

உங்களை அழைத்துக்கொண்டு அவள் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனபின், வடையைச் செய்தித்தாளில் சுற்றி அம்மிக்குழவியால் அழுத்தினேன். எண்ணெய் காகிதத்தில் பரவியது, வடை நொறுங்கிவிட்டது. தூளை உள்ளங்கையில் கூட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டேன்.