சிமெண்டுப் படகுக்குத் தண்ணீர் தெளித்தவள்

மகன் முழுகிப் போன நாளிலிருந்து தேசம்மாள் சாலவாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போனதில்லை. வயலுக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். பொறியியல் படிக்கும் மகள் சுதா, சிமெண்டில் படகு செய்து மிதக்கவிடும் போட்டிக்காகக் கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து வீட்டு வாசலிலேயே சிமெண்டுப் படகு வார்த்தாள். அது விரிசல் விடாமலிருக்க ஈரச்சாக்கு போர்த்தி, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தவள் தேசம்மாள்தான். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வெள்ளோட்டத்தன்று அந்த ஏரிக்கரைக்கே வந்துவிட்டாள். தண்ணீரை நிரப்பி அமுக்கினாலும் படகு தானாக எழ வேண்டும் என்பது போட்டி விதி. மாணவர்கள் இடுப்பளவு நீரில் நின்று அமுக்கினார்கள். முழுகிய படகு மெல்ல மேலே வந்தது. விசில் பறந்தது. சுதா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிமெண்டே மேல வந்துடுச்சேடி," என்றாள் தேசம்மாள். "உசுரோட மேல வர்றதுக்கு எம்புள்ளைக்கு இன்னாடி கேடு?"