படத்தில் ஷட்டர் எங்கே?

எழுபதுகளின் தொடக்கத்தில், பூண்டி ஏரி பாதிக்கு மேல் வற்றிப்போன ஒரு சித்திரை மாதம். திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில் நானும் கணவரும் போட்டோ ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தோம். கேமரா என் கையில், இருட்டறை அவர் கையில். "பொம்பள புடிச்சா போட்டோ ஆடும்" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் ஏரியில் மீன் பிடிக்கும் படகுக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"கல்யாணம், காதுகுத்துதான் எடுப்பீங்களாம்மா? புலிய எடுப்பீங்களா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கரையோர ஊரில் ஆடுகள் காணாமல் போயிருந்தன. இவர்தான் படகில் ஏற்றிப் போய் விற்றுவிட்டார் என்று பழி. மலையிலிருந்து சிறுத்தைப்புலி ஒன்று தண்ணீர் குடிக்க இறங்குவதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் இனி ஏரியில் படகு இறக்கக் கூடாது என்று ஊரில் முடிவாகிவிட்டதாம். கேட்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் ஒன்று, சென்னை மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கியது, எங்களிடம் இருந்தது. மறுநாள் விடிகாலை அதை மாட்டிக்கொண்டு படகில் ஏறினேன். கோரைப் புதருக்குப் பின்னால் காத்திருந்தோம். சிறுத்தை வந்தது. தூரத்திலிருந்தே அதன் முகத்தை மட்டும் முழுசாகப் பிடித்தேன். மீசையில் தொங்கிய தண்ணீர்ச் சொட்டுகூட விழுந்திருந்தது. அப்படி ஒரு படத்தை அதற்கு முன் நான் எடுத்ததே இல்லை.

பெருமையாகக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கியோ சர்க்கஸ்ல புடிச்சுக்கினு வந்து காட்டறியா? நம்ம ஏரின்னா ஷட்டரு எங்க?"

அணையின் மதகுக் கதவுகளைத்தான் கேட்டார். முகத்துக்குப் பின்னால் எல்லாமே வெறும் புகையாக இருந்தது. டெலி லென்ஸ் அப்படித்தான் செய்யும் என்று தெரிந்தவள் நான். அழகுக்கு ஆசைப்பட்டு, எதற்காக எடுக்கிறேன் என்பதையே மறந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பக்கத்திலிருந்த ஒருவர், "ஊட்டுக்குப் போயி சோறாக்கும்மா" என்றார். அதைக் கேட்டதும் வெட்கமெல்லாம் போய்விட்டது. "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒருநாள் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த விடியலில் டெலி லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சாதாரண லென்ஸில் சிறுத்தையும் ஷட்டரும் சேர்ந்து தெரிய வேண்டுமானால் கிட்டப் போயாக வேண்டும்.

"இதுக்கு மேல வாணாம்மா. பாஞ்சிச்சின்னா இன்னா பண்றது?"

"இன்னும் கொஞ்சம் தள்ளுண்ணா."

தள்ளினார். ஒரு தெரு அகலம்தான் இடைவெளி. சிறுத்தை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எனக்குக் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே அழுத்தினேன்.

படம் ஆடித்தான் போயிருந்தது. ஆனால் சிறுத்தையின் முதுகுக்குப் பின்னால் ஷட்டர்கள் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை பெரியவர் அந்த ஷட்டர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "படகை எறக்கிக்கோ" என்றார் படகுக்காரரிடம். சனிக்கிழமை படகு ஏரியில் இறங்கியது.

ஸ்டூடியோ சுவரில் நான் மாட்டியது அந்த ஆடிய படத்தைத்தான். கை நடுங்கியதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. பத்திரமான தூரத்தில் நின்று எடுத்த அந்த அழகான படத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.